நாற்பது நிமிடம்

ஜூன் 14

என் அன்புச் சுண்டெலிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நானும் உன் அண்ணனும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா, சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, அறையில் ஜன்னல் இருக்கிறதா, எல்லாவற்றுக்கும் பதில் வேண்டும். போனில் கேட்டால் "ம்", "சரி", "வெக்கட்டுமா" என்று மூன்றே சொல்லில் முடித்துவிடுகிறாய். கடிதமென்றால் ஒரு பக்கமாவது நிரப்பித்தானே ஆகவேண்டும்!

வேலையில் சேர இன்னும் பத்து நாள் இருக்கிறது என்று சொன்னவள், திங்கட்கிழமை விடிந்ததும் பெட்டியும் கையுமாக வாசலில் நின்றாய். போட்டு வைத்த காபியைக்கூடக் குடிக்கவில்லை. பயந்துவிட்டாய், எனக்குப் புரிகிறது. ஒரு மனிதர் நம் சாப்பாட்டு மேசையில் கழுத்தைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால் யாருக்குத்தான் பயமிருக்காது?

தபால்காரர் பிழைத்துக்கொண்டார். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். உதடும் கண்ணும் வீங்கி ஆளே அடையாளம் தெரியாமல் கிடந்தவர், இப்போது வீட்டில் எழுந்து நடமாடுகிறார். "ஏதோ கொட்டை வகை உள்ள போயிருக்கு. இன்னும் பத்து நிமிஷம் தாமதிச்சிருந்தா கஷ்டம்தான்" என்று டாக்டர் சொன்னாராம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குக் கையில் எடுத்த வேலை ஓடவில்லை.

நீயே சொல். நாலு வருஷமாக நம் வீட்டுச் சனிக்கிழமைச் சாப்பாடு தவறியதில்லை. காய்மேல் வெள்ளை சாஸும் சீஸும் போட்டு நான் ஒரு ட்ரே ஓவனில் சுட்டு வைப்பேன். தபால்காரர், கணக்கு வாத்தியார், தையல்காரம்மா மூன்று பேரும் ஆளுக்கொரு பச்சைக் காய் கொண்டு வருவார்கள். ட்ரே ஓவனுக்குள் போன பிறகுதான் கத்தியைத் தொட விடுவேன். அது வேகிற நாற்பது நிமிடத்துக்குள் சாலட் தயாராக வேண்டும், அப்போதுதான் வெள்ளரி தண்ணீர் விடாது, கீரை துவளாது. தபால்காரர் வந்த முதல் நாளே தனக்கு முந்திரி ஆகாது என்று சொல்லிவிட்டார். அன்றைக்கே அலமாரிக் கதவில் எழுதி ஒட்டினேன். வீட்டில் முந்திரி வாங்குவதையே விட்டேன். பிறகு அது எந்த வழியாக வந்தது?

அன்றைக்கு வெள்ளை சாஸ் கிளறியது நீதானே. ஏதாவது வாசனை வித்தியாசமாகத் தெரிந்ததா? யோசித்து எழுது. உன்மேல் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. நீ அவருக்கு ஓரத் துண்டாகப் பார்த்து வைத்து, சாலடை அள்ளி அள்ளிப் போட்டதை நான் கவனித்தேனே. அவ்வளவு கரிசனமாகப் பரிமாறிய பிள்ளையை யார் என்ன சொல்ல முடியும்?

உப்பு பிஸ்கட் ஒரு டப்பா அனுப்பியிருக்கிறேன். கூட இருக்கும் பெண்களுக்கும் கொடு.

உன் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்,
அண்ணி


ஜூன் 26

அன்புள்ள அண்ணிக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி? அண்ணன் மாடிப்படி ஏறும்போது இன்னும் மூச்சு வாங்குகிறாரா? தபால்காரர் முழுக்கக் குணமாகிவிட்டாரா? மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாரா?

அறையில் ஜன்னல் இருக்கிறது. எதிரே ஒரு மதில். மூன்று கட்டில், நடுவில் என்னுடையது. நான் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடை நடந்துபோகிற தூரம்தான். வருகிறவர்களை உள்ளறையில் நாற்காலியில் உட்கார வைத்து, எதிர்ச் சுவரில் எழுத்து வரிசைகளைப் படிக்கச் சொல்வது என் வேலை. ஒரு விஷயம் கவனித்தேன். பாதிப் பேர் கடைசி வரிசையில் 'தெரியவில்லை' என்று சொல்வதே இல்லை. வெட்கப்பட்டுக்கொண்டு குத்துமதிப்பாக எதையாவது சொல்கிறார்கள். சரியான கண்ணாடி வேண்டும் என்றுதான் வந்திருக்கிறார்கள், அப்படியும் சொல்வதில்லை.

சாஸைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நீங்கள் சொன்னபடிதான் செய்தேன். வெண்ணெய், மாவு, பால். வாசனை ஒன்றும் தெரியவில்லை.

பிஸ்கட் நன்றாக இருந்தது என்றார்கள். நான் இன்னும் சாப்பிடவில்லை.

தபால்காரரைப் பற்றி எழுதுங்கள்.

சுண்டெலி


ஜூலை 6

என் சுண்டெலிக்கு,

எல்லாரும் சுகம். முழங்கால் தன் வேலையைப் பார்க்கிறது, நான் என் வேலையைப் பார்க்கிறேன். நீ ஏன் பிஸ்கட் சாப்பிடவில்லை? வயிறு சரியில்லையா? உள்ளதை எழுது.

தபால்காரர் வேலைக்கு வந்துவிட்டார். உன் கடிதத்தை அவர்தான் கொண்டு வந்து கொடுத்தார். ஆள் இளைத்திருக்கிறார், சட்டை தோளில் நிற்கவில்லை. உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்க நாத்தனாரு எழுத்துங்க. நல்லா இருக்குதா அந்தப் பொண்ணு?" என்றார். நல்லா இருக்கா என்றேன். "ஊருக்கெல்லாம் கடுதாசி சுமக்கிறேன், இந்த முப்பது வருஷத்துல எனக்குன்னு ஒண்ணு வந்ததில்ல பாருங்க" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே வாங்க என்று கூப்பிட வாய் வந்தது. அவர் மிதியடியைத் தாண்டாமல் நின்றபடியே போய்விட்டார்.

நான் ஒவ்வொன்றாகச் சலித்துப் பார்த்தேன். கணக்கு வாத்தியார் கொண்டு வந்த லெட்யூஸ் நானே மூன்று தண்ணீரில் அலசியது. தையல்காரம்மாவின் பீட்ரூட்டில் என்ன இருக்கப்போகிறது? அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே அந்த அம்மா, "என் பீட்ரூட்னால இருக்குமோ" என்று அழுதாள். சாலடுக்கு ஊற்றியது எலுமிச்சம்பழமும் புதுக் கடுகு விழுதும். பாட்டிலை விளக்கு வெளிச்சத்தில் வைத்துப் பொடி எழுத்தெல்லாம் படித்தேன், ஒன்றுமில்லை. சீஸ் மட்டும் பாக்கி. விசாரிக்க வேண்டும்.

இன்னொன்று. அடி கனமான பால் பாத்திரம் அலமாரிக்குப் பின்னால் கிடந்தது, அடியெல்லாம் கருகி. உன் அண்ணனைப் பிடித்து ஒரு பாட்டம் திட்டினேன். "நான் தொடவே இல்லடி" என்று சத்தியம் செய்கிறார். எந்தத் திருடன்தான் ஒப்புக்கொண்டிருக்கிறான்!

அங்கே குளிர் அதிகம் என்று கேள்விப்பட்டேன். ஒரு ஸ்வெட்டர் அனுப்புகிறேன், நீலம். என்மேல் உனக்கு வருத்தம் ஒன்றும் இல்லையே?

அண்ணி


ஜூலை 30

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். இங்கே நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம்.

ஸ்வெட்டர் வந்தது. அளவு சரியாக இருக்கிறது. தயவுசெய்து இனி ஒன்றும் அனுப்பாதீர்கள் அண்ணி. உங்கள்மேல் எனக்கு என்ன வருத்தம் இருக்க முடியும்? நீங்கள் இப்படிக் கேட்பதே எனக்குத் தாங்கவில்லை.

அண்ணனைத் திட்டாதீர்கள்.

சுண்டெலி


ஆகஸ்ட் 10

என் சுண்டெலிக்கு,

சுகம்தானே? உன் கடிதம் இப்படிச் சுருங்கிக்கொண்டே போனால் அடுத்த முறை வெறும் உறைதான் வரும். நாங்கள் சுகம். சுகம் என்று எழுதுவதுதான் வழக்கம், எழுதிவிட்டேன்.

ஓவனை இப்போது பழைய செய்தித்தாள் வைக்கப் பயன்படுத்துகிறோம். நீளமான கண்ணாடி ட்ரேயைத் தையல்காரம்மாவிடம் கொடுத்தேன், அவள் நூல்கண்டு போட்டு வைத்திருக்கிறாள். சனிக்கிழமை வந்தால் உன் அண்ணன் சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடக்கிறார். "அந்தப் பூசணியும் பச்சைப் பட்டாணியும் வெச்சு ஒண்ணு சுடுவியே" என்று நேற்று ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்ததும், "எனக்கு வேணும்னு இல்ல, சும்மா ஞாபகம் வந்துச்சு" என்று பூசி மெழுகினார்.

சுடலாம். ஆனால் மாவில் கை வைத்தால் அவருடைய வீங்கிய முகம் வந்து நிற்கிறது. கணக்கு வாத்தியார் தனியாக ரொட்டியும் தக்காளியும் தின்கிறார் என்று கேள்வி. முன்பெல்லாம் அவர் கேரட் சீவுகிற நேர்த்தியைப் பார்த்து நீ கேலி செய்வாயே, ஒவ்வொரு துண்டையும் அளவெடுத்து வெட்டுகிறார் என்று. நான்கு பேர் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு காய் நறுக்கிய மேசை, இப்போது அதன்மேல் இஸ்திரி போடுகிறேன்.

சீஸ் கடைக்குப் போகவில்லை. இனி போய் என்ன ஆகப்போகிறது?

சாப்பாட்டைக் குறைக்காதே.

அண்ணி


ஆகஸ்ட் 21

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை வேலைக்கு எடுத்துப்போய் மூன்று முறை படித்தேன். ட்ரேயில் நூல்கண்டு என்று படித்ததும் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

செப்டம்பரில் ஒரு வாரம் விடுப்பு கிடைக்கும். நான் அங்கே வருகிறேன். உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும், எழுத்தில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன். தபால்காரரையும் பார்க்க வேண்டும்.

அண்ணனுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். நீங்கள் நலமாக இருங்கள்.

சுண்டெலி


ஆகஸ்ட் 28

என் சுண்டெலிக்கு,

உன் கடிதம் கண்டு சந்தோஷம். ஆனால் செப்டம்பரில் வேண்டாம். வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம், சாமானெல்லாம் கூடத்தில் குவிந்து கிடக்கும், உனக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது. அக்டோபரிலும் உன் அண்ணனுக்கு வெளியூர் வேலை இருக்கும்போல் தெரிகிறது. நீ வந்தால் அக்கம்பக்கத்தில் எல்லாரும் பார்க்க வருவார்கள், அதையும் இதையும் கேட்பார்கள். எதற்கு வீண் சங்கடம்? அடுத்த வருஷம் நிதானமாக வா.

தபால்காரரைப் பார்க்க வேண்டாம். அவர் பாட்டுக்கு இருக்கிறார்.

கோபித்துக்கொள்ளாதே. ஸ்வெட்டரைப் போடுகிறாயா?

அண்ணி


செப்டம்பர் 7

அண்ணிக்கு,

நலம் விசாரித்து ஆரம்பிக்க எனக்கு வாயில்லை. மன்னியுங்கள்.

நீங்கள் 'வராதே' என்றதும் புரிந்துவிட்டது. உங்களுக்குத் தெரிந்துவிட்டது. பால் பாத்திரத்தைப் பார்த்த அன்றே தெரிந்திருக்கும். அப்படியும் ஸ்வெட்டர் அனுப்பினீர்கள். நான் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நிற்கவே கூசுகிறேன். இனி மென்று முழுங்காமல் நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

அன்று நீங்கள் சீஸ் வாங்கக் கடைக்குப் போயிருந்தீர்கள். சாஸ் என் பொறுப்பு என்று முதல்முதலாக என்னிடம் விட்டுவிட்டுப் போனீர்கள். பதினொன்றரை மணிக்குத் தபால்காரர் வாசலில் கூப்பிட்டார். என் வேலை உத்தரவைக் கொண்டு வந்திருந்தார். "பிரிச்சுப் பாரும்மா, நல்ல சேதியாத்தான் இருக்கும். மீதிக் கடுதாசியக் குடுத்து முடிச்சுட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். வாசலிலேயே நின்று இரண்டு முறை படித்தேன். உள்ளே வரும்போது பால் அடிப்பிடித்துக் கருகிவிட்டது.

வேறு பால் இல்லை. நீங்கள் வந்தால், ஒரு சாஸ்கூடக் கிளறத் தெரியவில்லையா என்று கேட்பீர்கள். கேட்டிருக்க மாட்டீர்கள், சிரித்திருப்பீர்கள். எனக்கு அப்போது அது தோன்றவில்லை. படிக்கும்போது கொறிக்க வைத்திருந்த முந்திரிப் பாக்கெட் என் பெட்டியில் இருந்தது. இரண்டு கைப்பிடி எடுத்துத் தண்ணீர் விட்டு அரைத்தேன். பால் மாதிரியே வந்தது. மாவு சேர்த்துக் கிளறினேன். காலிஃபிளவர்மேல் ஊற்றினேன். கருகிய பாத்திரத்தை அலமாரிக்குப் பின்னால் ஒளித்தேன். நீங்கள் வந்து சீஸைத் தூவி, "அட, கட்டியே இல்லாம வந்திருக்கே!" என்றீர்கள். ட்ரேயை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினோம்.

டைமரைத் திருகத் திரும்பினேன் அண்ணி. அலமாரிக் கதவில் உங்கள் எழுத்து இருந்தது.

அதுவரை சத்தியமாக எனக்கு அந்த நினைவே இல்லை. அதற்குமேல் என்னிடம் எந்தச் சத்தியமும் கிடையாது. நாற்பது நிமிடம் இருந்தது. எல்லாரும் மேசைக்கு வந்தார்கள். தபால்காரர் எனக்கு எதிரே உட்கார்ந்து வெள்ளரிக்காய் தோல் சீவினார். நான் தக்காளி நறுக்கினேன். நீங்கள் வாத்தியாரிடம், "இன்னிக்கு சாஸ் முழுக்க என் நாத்தனாரு கைவண்ணம்" என்றீர்கள். தையல்காரம்மா, "வேலையும் கிடைச்சாச்சு, சமையலும் வந்தாச்சு" என்றாள். சொல்லிவிடலாம் என்று மூன்று முறை வாயைத் திறந்தேன். ஒருமுறை உப்பு கேட்டேன். ஒருமுறை இருமினேன். மூன்றாவது முறை என்ன செய்தேன் என்று ஞாபகமில்லை.

கொஞ்சம்தானே, வெந்தும்விடும், ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதனால்தான் அவருக்கு ஓரத் துண்டு. ஓரத்தில் சாஸ் குறைவு. அதனால்தான் சாலடை அள்ளி அள்ளிப் போட்டேன். நீங்கள் அதைக் கரிசனம் என்று எழுதினீர்கள். அந்த வரியைப் படித்த நாளிலிருந்து என் கையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

அவர் சாய்ந்த பிறகும் நான் சொல்லவில்லை. டாக்டருக்குத் தெரிந்தால் உதவியாக இருக்கும் என்று தெரிந்தும் சொல்லவில்லை. ஜூனில் நீங்கள் கேட்டபோது வெண்ணெய், மாவு, பால் என்று வாய் கூசாமல் எழுதினேன். நீங்கள் உங்கள் கையைச் சந்தேகப்பட்டு ஓவனை மூடுகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் கையில் ஒரு குற்றமும் இல்லை. எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள்.

நான்


அக்டோபர் 12

அண்ணிக்கு,

என் செப்டம்பர் கடிதம் வந்து சேர்ந்ததா? ஐந்து வாரம் ஆகிறது. திட்டியாவது எழுதுங்கள். போன் செய்தேன், அண்ணன் எடுத்தார், நீங்கள் வெளியே போயிருப்பதாகச் சொன்னார். பின்னால் உங்கள் குரல் கேட்டது.

எழுதவே வேண்டாம் என்றாலும் சரி. உடம்பை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்


அக்டோபர் 29

சுண்டெலிக்கு,

இந்தப் பெயரால் உன்னைக் கூப்பிடும் உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா என்று தெரியவில்லை. படித்துவிட்டு நீ முடிவு செய். இது நான் எழுதும் ஏழாவது தாள். ஆறைக் கிழித்துப் போட்டுவிட்டேன். போனில் குரல் கேட்டது என்றாயே, ஆமாம், இல்லை என்று சொல்லச் சொன்னது நான்தான்.

உன் கடிதத்தைப் படிப்பதற்கு முன்னால் எனக்கு ஒன்றும் தெரியாது. கருகிய பாத்திரத்தை உன் அண்ணன் கணக்கில்தான் எழுதியிருந்தேன். உன்னை வராதே என்று சொன்னது வேறு காரணத்துக்காக. வெள்ளையும் அடிக்கவில்லை, தூசியும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை சீஸ் வாங்கப் போனபோது வழக்கமான கடை பூட்டியிருந்தது. மூலையில் இருக்கும் புதுக் கடைக்குப் போனேன். அங்கே சீஸை வெட்டிக் கொடுக்கிற பலகையிலேயே முந்திரியும் பாதாமும் அள்ளிப் போடுகிறார்கள். என் கண்ணால் பார்த்தேன். நேரமாகிறது என்று வாங்கி வந்துவிட்டேன். தபால்காரர் சாய்ந்ததும் எனக்கு உடனே அந்தப் பலகைதான் நினைவுக்கு வந்தது. என் அவசரத்தால் ஒரு மனிதர் சாகக் கிடக்கிறார் என்று நினைத்தேன். இத்தனை மாதமும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தையல்காரம்மாவும் வாத்தியாரும் என் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். நீ வீட்டில் இருந்தாய். "அப்படி என்னதாங்க போட்டீங்க அதுல?" என்று அந்த அம்மா கேட்டாள். சும்மா ஆற்றாமையில் கேட்டதுதான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நான் எங்கங்க செஞ்சேன்? இவரு தங்கச்சிதான் செஞ்சா. ருசிக்குன்னு முந்திரி கிந்திரி அரைச்சு ஊத்தியிருப்பா. சொன்னா கேக்கிற பொண்ணா அது?" என்றேன்.

எனக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் அப்படிச் சொன்னேன். நாக்கில் எது முதலில் வந்ததோ அது. உன்னை மகள் மாதிரி வைத்திருந்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டவள், ஒரு கேள்விக்குத் தாங்காமல் உன்னைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். அது தபால்காரர் காதுக்கும் போய்விட்டது. ஜூலையில் அவர் சொன்னதில் பாதியைத்தான் உனக்கு எழுதினேன். மீதி இது: "சின்னப் பொண்ணு, வேணும்னா செஞ்சிருக்கும்? அதைத் திட்டிடாதீங்கம்மா." நான் தலையை ஆட்டினேன்.

பிஸ்கட், ஸ்வெட்டர், என்மேல் வருத்தம் இல்லையே என்ற கேள்வி, எல்லாம் அதற்குத்தான். நீ வந்தால் யாராவது ஒருத்தர் உன் முகத்துக்கு நேரே கேட்டுவிடுவார்கள் என்று பயந்தேன். வேறு ஏதாவது காரணம் கிடைத்தால் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமே என்றுதான் கடுகு பாட்டிலையெல்லாம் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். சீஸ் கடைக்குப் போகாமல் இருந்தது, அந்தப் பலகைதான் காரணம் என்று உறுதியாகிவிடுமோ என்ற பயத்தால்தான்.

பிறகு உன் செப்டம்பர் கடிதம் வந்தது. தபால்காரர் கையிலிருந்து வாங்கி, கேட்டருகிலேயே நின்று படித்தேன். முந்திரி என்ற இடம் வந்ததும் எனக்கு என்ன வந்தது தெரியுமா? சந்தோஷம். அப்பாடா என்று ஒரு சந்தோஷம். நான் சொன்னது பொய் இல்லை, இனி யாரிடமும் கூனிக் குறுக வேண்டாம் என்று. நீ இவ்வளவு வேதனைப்பட்டு எழுதிய தாளைப் பிடித்துக்கொண்டு நான் சிரித்திருக்கிறேன். தபால்காரர் தெருமுனையிலிருந்து திரும்பிப் பார்த்து, "நல்ல சேதியாம்மா?" என்று குரல் கொடுத்தார். "ஆமாங்க" என்றேன்.

ஏழு வாரமாக உனக்கு எழுத முடியாததற்கு அந்த 'ஆமாங்க'தான் காரணம். நீ செய்ததைவிட அது சின்னது என்று உன் அண்ணன் சொல்கிறார். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முழுக்கக் கேட்டார். பிறகு எழுந்துபோய் ஓவனிலிருந்து செய்தித்தாளை எல்லாம் எடுத்து வெளியே வைத்தார்.

நீ செய்தது தப்புதான். அதை நான் பூசி மெழுக மாட்டேன். அந்த நாற்பது நிமிடத்தை நினைத்தால் உன்மேல் எனக்குக் கோபம் வருகிறது. கோபப்பட எனக்கு வாய் இல்லை, அதுதான் கஷ்டம். தெரியாமலே ஒருத்தியைக் காட்டிக் கொடுத்தவள், தெரிந்தும் வாயை மூடிக்கொண்டவளைப் பார்த்து என்ன சொல்வது?

வா. நவம்பர் இரண்டாம் சனிக்கிழமை வா. தையல்காரம்மாவிடமிருந்து ட்ரேயை வாங்கிவிட்டேன். மேசையில் எல்லாரையும் உட்கார வைத்து நான் என்னுடையதைச் சொல்கிறேன், நீ உன்னுடையதைச் சொல். வாத்தியாருக்குத்தான் பாவம் குழம்பும். "அப்ப இவங்க சொன்னது பொய்யா, மெய்யா?" என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்.

தபால்காரர் வருவாரா என்று எனக்குத் தெரியாது. கூப்பிட நாலு தடவை கேட் வரை போனேன். ஒவ்வொரு தடவையும் வெயிலைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

உன்னைப் பார்க்க வெட்கப்படும்,
அண்ணி


நவம்பர் 4

மதிப்புக்குரிய தபால்காரர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தாலும் அதைத் தெரிந்துகொள்ளாமல் ஐந்து மாதமாக எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை.

இந்த உறை உங்கள் பைக்குள்தான் வந்திருக்கும். மேலே உங்கள் முகவரியைப் பார்த்து ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டிருப்பீர்கள். முப்பது வருஷத்தில் உங்களுக்கென்று வந்த முதல் கடிதம் இப்படிப்பட்டதாக இருப்பதற்கு என்னை மன்னிக்க வேண்டும்.

நான்தான் முந்திரியை அரைத்து ஊற்றினேன். நீங்கள் கொண்டு வந்து கொடுத்த நல்ல சேதியைப் படித்துக்கொண்டிருந்ததில் பால் கருகிவிட்டது, அதை மறைக்கத்தான் அப்படிச் செய்தேன். அலமாரியில் ஒட்டியிருந்ததை அப்போது மறந்திருந்தேன் என்பது உண்மை. ஆனால் ட்ரே உள்ளே போனதுமே ஞாபகம் வந்துவிட்டது. நீங்கள் என் எதிரே உட்கார்ந்து வெள்ளரிக்காய் தோல் சீவிய அந்த நாற்பது நிமிடமும் எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும், நீங்கள் சாலடை மட்டும் சாப்பிட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போயிருப்பீர்கள். கருகிய பாலுக்கு வெட்கப்பட்டுக்கொண்டு உங்கள் தட்டில் அதை வைத்தேன்.

என்னைத் திட்ட வேண்டாம் என்று அண்ணியிடம் சொன்னீர்களாம். வேணுமென்று செய்திருக்கமாட்டேன் என்றீர்களாம். அந்த நல்ல வார்த்தையை நான் எடுத்துக்கொள்ள முடியாது. அதைத் திருப்பித் தரத்தான் இந்தக் கடிதம்.

அண்ணிக்கும் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதை அவரே சொல்வார். நீங்கள் இரக்கப்பட்டு, "பரவாயில்லம்மா, விடுங்க" என்று பாதியிலேயே நிறுத்திவிடாதீர்கள். முழுவதும் சொல்ல விடுங்கள். என்னிடமும் அப்படியே.

வருகிற சனிக்கிழமை நான் அங்கே இருப்பேன். முடிந்தால் பதினொரு மணிக்கே வாருங்கள். ட்ரேயில் என்னென்ன போட்டிருக்கிறோம் என்று உங்கள் எதிரில் ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுத்தான் ஓவன் கதவைச் சாத்துவோம். வெள்ளரிக்காய் இந்த முறை நான் கொண்டு வருகிறேன், நானே தோல் சீவுகிறேன். நீங்கள் சாப்பிட வேண்டும் என்று கேட்கவில்லை. நாங்கள் சொல்லி முடிக்கும்வரை அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் போதும்.

வராமல் இருந்தாலும் அது நியாயம்தான்.

இப்படிக்கு,
உங்கள் தட்டில் ஓரத் துண்டை வைத்தவள்